ஒரு போத்தல் தண்ணீர்

மயூரதனின் மீசையில் வலப்பாதி போய்விட்டது. இடப்பாதி சவர்க்கார நுரைக்குள் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவனுடைய கார் வாசல் படலைக்குள் நுழைந்தது.

தானாக ஓடி வரவில்லை. மார்க்கண்டு அண்ணையின் லான்ட்மாஸ்ரருக்குப் பின்னால், மாடு கட்டும் நைலோன் கயிற்றில் இழுபட்டு வந்தது. அந்த இரண்டு சக்கர உழவு இயந்திரம் போட்ட சத்தத்தில் பறைமேளமே அமுங்கிப் போனது. பந்தலுக்குள் கதிரைகளில் இருந்த அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பினார்கள். உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் மூக்கைச் சிந்திவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். கொள்ளி வைக்கப் போகிறவன் கிணற்றடியில், கழுத்தில் துவாயும் முகத்தில் அரை மீசையுமாக, எழும்பி ஓடவும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஆடாதையுங்கோ தம்பி, வெட்டிப்போடும்," என்றார் சவரம் செய்துகொண்டிருந்தவர்.

மார்க்கண்டு அண்ணை பக்கத்து வளவுக்காரர். காரைக் கிணற்றடிக்குக் கிட்ட, மாமரத்தின் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டே வந்தார்.

"றோட்டிலை விட்டா பற்றரியைக் கழட்டிப்போடுவாங்கள் தம்பி. உனக்கிருக்கிற சோலிக்கை இதை வேறை யோசிக்க வேண்டாமெண்டு நானே போய்க் கொண்டந்திட்டன்."

நன்றி சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை, மேலுதட்டில் கத்தி இருந்தது. இருந்ததும் நல்லதாய்ப் போயிற்று. அந்தக் கார் இன்னும் நாலு நாளைக்கு, பழுதாகி நின்ற கல்லுண்டாய் வெளியிலேயே கிடந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதி. பற்றரி என்ன, காரையே யாராவது கொண்டுபோயிருந்தாலும் அவன் பொலிசுக்குப் போயிருக்க மாட்டான். ஆனால் உதவி செய்ய வந்தவரிடம் அதைச் சொல்ல முடியுமா? தலையை மட்டும் ஆட்டினான். கத்தி லேசாகக் கீறிவிட்டது.

அவனுடைய ஐயா ஏரம்பு உள்ளே கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தார். வட்டுக்கோட்டையில் வெங்காயமும் புகையிலையும் போட்டு இரண்டு ஆண் பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர். மூத்தவன் வாகீசன் கனடாவில். இளையவன்தான் மயூரதன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மூத்தவனுக்கு ரிக்கெற் கிடைத்து வந்து சேர இரண்டு நாளாகும், அதுவரை வைத்திருக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் கொள்ளி வைக்கும் உரிமை இளையவனுக்கு வந்திருந்தது.

காரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த ஒழுங்கையில் முதன்முதல் கார் வாங்கியவன் மயூரதன். பழைய ஜப்பான் கார்தான், வெள்ளை நிறம், அவனைவிடப் பத்து வயதுதான் இளமை. ஆனால் அவன் அதை நடத்திய விதத்தைப் பார்த்தால் நேற்றுக் கப்பலால் இறங்கியது என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குளிப்பாட்டுவான். பகலில் படங்கு போட்டு மூடுவான். சந்திக் கடையில் சீனி வாங்குவதற்கும் காரில்தான் போவான், போய் இறங்கித் திறப்பை விரலில் மாட்டிச் சுழற்றுவான். "கார்க்காரத் தம்பி" என்று ஊரார் நக்கலாகச் சொன்னதை அவன் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

வாங்கின புதிதில் உள்ளே ஹீற்றர் குழாய் ஒழுகுகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனான். கராஜ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இஞ்சை ஆருக்கு ஹீற்றர்? வெயில் காணாதோ தம்பி?" என்று கேட்டுவிட்டு, எஞ்சினின் சுடுதண்ணீரை ஹீற்றருக்குக் கொண்டுபோகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் வெட்டி, இரண்டையும் ஒரு துண்டுக் குழாயால் ஒன்றாக்கிக் கட்டிவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஓடும் பழைய கார்கள் பலவற்றுக்கும் இதே வைத்தியம்தான். மயூரதனும் சேர்ந்து சிரித்தான். பிறகு கச்சேரியில் அதையொரு பகிடியாகவும் சொல்லித் திரிந்தான்.

கொஞ்ச நாளாகச் சூடு காட்டும் முள் மேலே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவனும் பார்த்தான். பொங்கல் முடியக் காட்டுவோம் என்று விட்டான். பொங்கல் முடிந்தது, தைப்பூசம் முடியக் காட்டுவோம் என்று நினைத்திருந்தான்.

முந்தின நாள் விடியப்புறம் ஐயாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கட்டிலில் எழும்பி இருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தவருக்கு முதுகெல்லாம் வேர்த்து வழிந்தது. தை மாதக் குளிரில் ஒரு மனிதனுக்கு வேர்க்கிறதென்றால் அது நல்லதுக்கில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது.

"அம்புலன்சுக்கு அடியுங்கோவன். அவங்களிட்டை ஒட்சிசனும் இருக்கும்," என்றாள் அவன் மனைவி உதயகலா. கையில் போனை எடுத்தும்விட்டாள்.

"வாசலிலை கார் நிக்கேக்கை அம்புலன்ஸ் என்னத்துக்கு? அவங்கள் வீடு தேடிப்பிடிச்சு வாறதுக்குள்ளை நான் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுவன்."

"ஏதும் நடந்தாலப்பா..."

"என்ன நடக்கும்? நீ பிள்ளையளைப் பார். நான் ஐயாவைக் கொண்டு போறன்."

படங்கை உருவி எறிந்துவிட்டுக் காரை எடுத்தபோது அவனுக்குப் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. இதற்குத்தானே வாங்கினது என்ற ஒரு நிமிர்வு. தகப்பன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் தனக்குள் அப்படியொன்று இருந்ததை இப்போது நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மா குணலட்சுமி பின் இருக்கையில் ஐயாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். காலடியில் ஒரு பை. அதற்குள் மாற்றுச் சாரம், துவாய், கொதித்தாறின தண்ணீர் ஒரு போத்தல். எந்த அவசரத்திலும் அம்மா தண்ணீரை மறக்க மாட்டாள்.

மானிப்பாய்ப் பக்கத்தால் போனால் வழிநெடுக வீடும் கடையும். அவன் அராலிப் பக்கத்தால் விட்டான், அது கிட்ட. பாலம் தாண்டிக் கல்லுண்டாய் வெளிக்குள் இறங்கியதும் முள் ஏறத் தொடங்கியது. அந்த வெளியில் ஒரு வீடு கிடையாது, ஒரு தேத்தண்ணிக் கடை கிடையாது. ஒரு பக்கம் உப்புத் தரவை நிலம், மற்றப் பக்கம் கடல்நீர் தேங்கி நிற்கும் வெட்டை. முள் நடுவைத் தாண்டி, சிவப்புக் கோட்டைத் தொட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் அங்கேயே நின்றது.

அப்போதுதான் வாகீசன் போன் எடுத்தான். உதயகலா செய்தி சொல்லியிருக்க வேண்டும். போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

"எங்கை நிக்கிறியள்? ஐயா எப்பிடி?"

"கல்லுண்டாய் வெளி அண்ணை. ஐயா இருக்கிறார். கார்தான் சூடேறுது."

"எவ்வளவுக்கு?"

"முள்ளு சிவப்பிலை."

கனடாவில் குளிர்காலத்துக் கார்களோடு இருபது வருசம் மாரடித்தவன் வாகீசன். யோசிக்காமலே சொன்னான். "ஹீற்றரை முழுக்கத் திருப்பி விடு. காத்தையும் கடைசிக்கு விடு. எஞ்சின் சூட்டை அது உள்ளுக்கை இழுத்துப்போடும். இஞ்சை நாங்கள் அப்பிடித்தான் சமாளிக்கிறது."

மயூரதன் இரண்டு குமிழ்களையும் திருப்பினான். காற்று ஊதியது. விடியற்காலைக் காற்று, சில்லென்று வந்தது.

"குளிர்காத்துத்தான் வருது அண்ணை."

பின்னாலிருந்து ஐயாவின் குரல் கேட்டது. வீட்டிலிருந்து வெளிக்கிட்டதிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான். கண்ணை மூடியபடியே, "நல்ல குளிர்காத்து, தம்பி," என்றார்.

"குளிரா வருதோ?" கனடாவிலிருந்து குரல் உயர்ந்தது. "அப்ப உள்ளுக்கை தண்ணி இல்லையடா! உடனை நிப்பாட்டு. நிப்பாட்டிப்போட்டு அம்புலன்சுக்கு அடி. இல்லாட்டித் தண்ணியை ஊத்திப்போட்டு ஓடு."

அவன் காது முதற் பாதியைத் தள்ளிவிட்டுப் பின் பாதியை எடுத்துக்கொண்டது. வாசலில் கார் நிற்கையில் அம்புலன்ஸ் என்னத்துக்கு என்று மனைவியிடம் கேட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதற்குள் நடுவெளியில் நின்று அம்புலன்சைக் கூப்பிட்டு, எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? போனை நிறுத்திவிட்டுக் காரை ஓரம் கட்டினான். பொனற்றைத் திறந்தான். ஆவி அடித்தது.

"அம்மா, அந்தத் தண்ணிப் போத்திலைத் தாங்கோ."

அம்மா பைக்குள் கையை விட்டு எடுத்து யன்னலால் நீட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. கார் விசயம் பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

துவாயைச் சுற்றி, முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு, றேடியேற்றர் மூடியைத் திறந்தான். சீறல் அடங்கியதும் ஊற்றினான். முதல் ஊற்றிலேயே நிரம்பி வழிந்தது. உள்ளே காற்று அடைத்திருக்கும், கொஞ்சத்தில் இறங்கும் என்று இன்னும் ஊற்றினான். இறங்கவில்லை. கழுத்துவரை தண்ணீர் நின்றது. அவன் ஊற்றியதெல்லாம் கம்பிகளுக்குள்ளால் ஓடித் தரையில் விழுந்தது. அந்த உப்பு மண் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை. கடைசிச் சொட்டுவரை ஊற்றி முடித்தான்.

முடித்த பிறகுதான் அவனுக்கு அந்தக் கராஜ்காரரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இந்தக் காரில் ஹீற்றர் சூடாக ஊத வழியே கிடையாது. குழாயை வெட்டிக் கட்டி மூன்று வருசம். குளிர்காற்று வந்ததற்கும் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கனடாவில் இருக்கிறவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரியும். பகிடியாகச் சொல்லிச் சிரித்த விசயத்தை அந்த நேரத்தில் மறந்துபோனான்.

"தம்பி," அம்மாவின் குரல் கேட்டது. "ஐயா தண்ணி கேக்கிறார்."

அவன் போத்தலோடு நின்றான். பிறகு யன்னலுக்குக் கிட்டப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. போத்தலைக் கவிழ்த்து உதறினான். அம்மா போத்தலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். குனிந்து ஐயாவின் காதுக்குள் சொன்னாள். "இந்தா, ஆஸ்பத்திரி வந்திடும். வந்த உடனை வாங்கித் தாறன், என்ன?"

"ம்," என்றார் ஐயா. சொல்வழி கேட்கிற சின்னப் பிள்ளையின் "ம்" அது. நாக்கை நீட்டிச் சொண்டைத் தடவிக்கொண்டார். அம்மா சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தாள். தலைப்பு காய்ந்திருந்தது. வெட்டையில் கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணீர் மினுங்கிக்கொண்டு நின்றது, வாயில் வைக்க ஏலாத தண்ணீர்.

பிறகுதான் மரக்கறி ஏற்றிக்கொண்டு ஒரு சின்னப் பட்டா லொறி வந்தது. அதை ஓட்டிவந்த பெடியன் கேளாமலே இறங்கி, கத்தரிக்காய் மூட்டைகளை ஒதுக்கி, ஐயாவைத் தூக்கிக் கிடத்தினான். தன்னுடைய தண்ணீர்ப் போத்தலையும் எடுத்து நீட்டினான். அதற்குள் ஐயாவின் பல் கிட்டிவிட்டது. வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்துக்கு ஒட்சிசன் மூடி போட்டார்கள், வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். மத்தியானம் ஐயாவின் மூச்சு நின்றுவிட்டது. "முந்திக் கொண்டு வந்திருந்தாலும் சொல்லேலாது, பெரிய ஹாட் அற்றாக்," என்றார் டொக்டர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சாவை அவன் ஒருவாறு தாங்கிக்கொண்டான். தண்ணீரைத் தாங்குவதற்கு யாரும் ஒரு சொல்லும் தரவில்லை.

அவன் பக்கத்துச் சனங்கள் செத்தவீட்டுக்கு வந்து கதிரையில் இருக்க முதலே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. தண்ணி கிண்ணி குடிச்சுத்தான் போனவரோ, ஆர் பருக்கினது? என்ன வருத்தம், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பெற்ற பிள்ளையின் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர் குறையில்லாமல் போனார் என்பது அவர்கள் கணக்கு. நேற்றுப் பின்னேரத்திலிருந்து மயூரதன் அந்தக் கேள்வியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தான். யாராவது பெரியவர்கள் படலைக்குள் வந்தால் அவனுக்குப் பந்தல்காரரோடு ஏதாவது அலுவல் வந்துவிடும்.

மீசை போய், கிணற்றடியில் தண்ணீர் வார்த்துக் குளித்து, ஈர வேட்டியோடு அவன் மாமரத்தடியைத் தாண்ட வேண்டியிருந்தது. அங்கே ஏழெட்டு ஆம்பிளைகள் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். செத்தவீட்டில் ஆம்பிளைகளுக்குச் சாவைப் பற்றி எவ்வளவு நேரந்தான் கதைக்க முடியும்? பழுதான ஒரு எஞ்சின் கிடைத்தது பெரிய ஆறுதலாய்ப் போயிற்று.

"ஹெட் காஸ்கற் எரிஞ்சு போட்டுது. உந்த மணத்தைப் பாத்தாலே தெரியும்," என்றார் இளைப்பாறிய அதிபர் ஒருவர். அவர் வாழ்நாளில் சைக்கிள்தான் ஓடியவர்.

"காஸ்கற் இல்லை, தண்ணி பாக்காமல் ஓடியிருப்பான்," என்றது இன்னொரு குரல்.

"தண்ணி முட்ட நிக்குது," என்றார் மார்க்கண்டு அண்ணை. மூடியைத் திறந்து விரலை விட்டுக் காட்டினார். "சூடேறினாத் திறந்து தண்ணியை விட ஒரு சின்ன மூடி இருக்கெல்லே, அதுதான் இறுகியிருக்கும் போலை. எனக்கும் சரியாத் தெரியாது." பிறகு ஈர வேட்டியோடு நின்றவனைக் கண்டார். "தம்பி, வழியிலை தண்ணி ஊத்திப் பாத்தனியோ?"

"ஓம்."

"இறங்கினதோ?"

"இல்லை. வழிஞ்சது."

"அப்ப அதுதான்." மூடியைத் திருகிக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார். "கல்லுண்டாய் வெளியிலை எங்காலை உனக்குத் தண்ணி?"

சாதாரணக் கேள்விதான். கேட்டவருக்கு அதில் ஒரு குத்தலும் இல்லை. மயூரதனுக்குத்தான் காதுமடல் கொதித்தது.

"போத்திலிலை கொஞ்சம் கிடந்தது."

மார்க்கண்டு அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து உதயகலா கூப்பிட்டாள். "இஞ்சை வாங்கோ, பெரியத்தான் லைனிலை."

கூடத்தில் கமெராக்காரர் முக்காலியை ஐயாவின் தலைமாட்டுக்கு நேரே வைத்திருந்தார். ஊரில் நடக்கும் சாவைக் கனடாவும் லண்டனும் பிரான்சும் இருந்து பார்க்கும் வழக்கம் வந்து பல காலமாயிற்று. வாகீசன் அங்கே நடுச்சாமத்தில் திரைக்கு முன்னால் இருந்தான். அவன் குரல் மட்டும் உதயகலாவின் போனிலிருந்து வந்தது. அவள் போனை அம்மாவின் வாய்க்குக் கிட்டப் பிடித்திருந்தாள். ஒப்பாரி வைத்த பெண்கள் அடங்கினார்கள். மரத்தடி ஆம்பிளைகளும் வந்து வாசலில் நின்றார்கள், முன்னால் மார்க்கண்டு அண்ணை.

"அம்மா, ஐயா கடைசியா என்ன கதைச்சவர்?"

"நல்ல குளிர்காத்தெண்டு சொன்னவர்."

அதைக் கேட்டு ஒரு மாமி, "என்ரை ராசா, சுகமாத்தான் போனியோ," என்று தொடங்கினாள். யாரோ அவளைக் கையமர்த்தினார்கள்.

"தண்ணி கேட்டவரோ அம்மா?"

மயூரதன் சுவரோடு நின்றான். கேள்வி ஒருவழியாக அவனைப் பிடித்துவிட்டது. அதுவும் கடல் கடந்து வந்து, அத்தனை சனத்துக்கும் நடுவில் பிடித்துவிட்டது. மரத்தடியில் சொன்னதையும் இங்கே சொல்லப் போவதையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் போதும்.

"கேட்டவர்," என்றாள் அம்மா.

"குடுத்தனீங்களோ?"

அம்மா ஐயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையிலிருந்து உதிர்ந்த பூவொன்று அவர் கன்னத்தில் கிடந்தது. அதை எடுத்துக் கீழே போட்டாள்.

"ஓம். தம்பிதான் பருக்கினவன்."

கூடம் ஒரு மூச்சு விட்டது. "அது காணும், அதுவே போதும்," என்றாள் மாமி. "பிள்ளையின்ரை கையாலை குடிச்சுத்தான் போயிருக்கிறார். இனி என்ன வேணும்?" பெண்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மதிப்பு இருந்தது. அவன் அதுவரை வாங்கின வசவு எல்லாவற்றையும்விட அந்த மதிப்பு எரிந்தது.

போனுக்குள் வாகீசன் விம்மினான். "நீ குடுத்து வைச்சனி மயூரதன். நான் மூத்தவனெண்டு இஞ்சை இருந்து என்னத்தைக் கண்டன்? ஒரு சொட்டுத் தண்ணி என்ரை கையாலை... நீயாவது நிண்டனி. அது காணுமடா எனக்கு."

மயூரதன் தலையைக் குனிந்துகொண்டான். துக்கத்தில் குனிகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிமிர்ந்தபோது வாசலில் மார்க்கண்டு அண்ணையின் கண் அவன் மேல் இருந்தது. அந்த ஆள் ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் காலடியைப் பார்த்தார். பிறகு முற்றத்தில் இறங்கிப் போனார். கொஞ்சத்தில் பொனற் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மரத்தடியில் கார்க்கதை எழும்பவில்லை.

குருக்கள் கும்பத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த இடைவெளியில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மெல்லக் கதை. கமெரா பாக்குது."

"நான் அண்ணையிட்டை உள்ளதைச் சொல்லிப்போடுறன் அம்மா."

"என்னத்தைச் சொல்லப் போறாய்?" அம்மா உதடு அசையாமல் கதைத்தாள். "நான் உனக்காகச் சொல்லேல்லை. அவன் அங்கை தனியக் கிடந்து அழுறான். அவனுக்கெண்டாலும் ஆறட்டும்."

அவனுக்கு அடித்தால்கூட அவ்வளவு பட்டிருக்காது. தன்னைக் காப்பாற்றத்தான் அம்மா பொய் சொன்னாள் என்று, வெட்கத்துக்குள்ளும் ஒரு மூலையில், அவன் நம்பியிருந்தான். அந்த மூலையும் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, அவனைப் பார்த்துத்தானா இல்லையா என்று தெரியாத குரலில், "கேட்ட உடனை போத்திலை எடுத்துத் தந்தது நானல்லோ," என்றாள்.

"மகன் முதல் வாங்கோ," என்றார் குருக்கள்.

அறுகம்புல்லால் எண்ணெயும் அரப்பும் தொட்டு ஐயாவின் தலையில் வைத்தான். எண்ணெய் நெற்றியால் வழிந்தது. பிறகு செம்பையும் மாவிலையையும் கொடுத்தார்கள். முந்தின காலத்தில் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவார்கள். இப்போது மருந்தேற்றிப் பெட்டியில் வைத்து வருகிற உடம்புக்கு மாவிலையால் நாலு துளி தெளிப்பதோடு சரி.

மாவிலை கையிலிருந்து எங்கே போனதென்று அவன் கவனிக்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தான். ஐயாவின் வாய் இறுக மூடியிருந்தது. அவன் செம்பின் விளிம்பை அந்தச் சொண்டில் பொருத்தி, பிள்ளைக்குப் பருக்குவதுபோல் மெல்லச் சரித்தான்.

தண்ணீர் மூடிய வாயில் பட்டு இரண்டு கடைவாயாலும் வழிந்தது. நாடியில் இறங்கி, கழுத்துக்குள் ஓடி, புதுச் சால்வையை நனைத்தது.

"தலையிலை தெளிச்சாச் சரி தம்பி," என்றார் குருக்கள் மெதுவாக. "காணும்."

கமெராக்காரர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தார். போனுக்குள் வாகீசன் தேம்பிக்கொண்டிருந்தான். உதயகலா புருசனின் தோளைத் தொடப் போய், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். துடைக்கவில்லை. செம்பிலிருந்து விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காணும் தம்பி," என்றார் குருக்கள் மறுபடியும்.

அம்மா காணும் என்று சொல்லவில்லை. அவன் செம்பை நிமிர்த்தவில்லை.